ஒரே அடுக்கில் மூன்று மேளம்

“கை வைக்காதே யமாண்டு, நான் அடுக்கினதைக் கலைச்சிடுவே!”

“அடுக்கினதுதான்டி தப்பு, நகரு நொயேலியா!”

மொன்டேவீடியோ பள்ளி அரங்கில் நடந்த கணினி நிரல் நிகழ்ச்சியில் அடுத்து அவர்கள் முறை. முன்வரிசையில் நொயேலியாவின் அப்பா தன் மேளக்குழுவோடு உட்கார்ந்திருந்தார். அவள் திரையில் கட்டளை பிளாக்குகளைக் கோத்துச் செய்த நிரலிலோ, உருகுவேயின் கந்தோம்பே இசைக்குரிய மேளங்கள் மூன்றும் சேர்ந்து முழங்காமல், ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன.

“உங்கப்பா அடிச்சு முடிக்கிறவரைக்கும் மத்தவங்க சும்மா நிப்பாங்களா? ஒரே அடுக்கா கோத்தா அப்படித்தான் வரும். மூணா பிரிச்சு, ஒவ்வொண்ணு மேலயும் ‘தொடங்கு’ பிளாக்கை மாட்டு.”

“சோதிச்சுப் பார்க்க நேரமில்லையேடா!”

ஆசிரியை பெயரைக் கூப்பிட்டார். நொயேலியா அவசரமாகப் பிரித்து மாட்டினாள். ஓட்டும் பொத்தானில் விரலை வைத்தாள்.

“அழுத்தறேன். சொதப்பினா எங்கப்பாகிட்ட நீயே பேசிக்கோ!”