ஒரே ஒரு குழி

சுற்றுச்சூழல் ஞாயிறு நெருங்கினாலே சேக்காடு சபையின் செயலாளர் ஞானமுத்துவுக்கு எரிச்சல் மூண்டுவிடும். சருகு விழுகிறதென்று கோயில் வேப்பமரத்தை வெட்டி, வளாகம் முழுக்க டைல்ஸ் போட்ட புண்ணியவான் அவர்தான். கன்று நடுவதற்கென்று ஒரே ஒரு குழியை மட்டும் விட்டுவைத்திருந்தார். வருஷாவருஷம் ஒரு விருந்தினர் வந்து அதில் கன்று நடுவார். அது வாடிச் செத்ததும் அடுத்தவருக்குக் குழி காலியாகிவிடும்.

இந்த வருஷம் பார்த்து, போன வருஷத்துப் புங்கன் சாகாமல் இடுப்புயரம் வளர்ந்து நின்றது.

"எவன் இதுக்குத் தண்ணி ஊத்தினது?" என்று சீறினார்.

"நான்தான்," என்றாள் மனைவி எஸ்தர். "நல்லா வளரணும்னு நீதானய்யா அன்னிக்கு ஜெபம் பண்ணே."

விருந்தினர் வரும் நேரமாகிவிட்டது. ஞானமுத்து புங்கனை மண்ணோடு பெயர்த்து, வேரைச் சாக்கில் சுற்றி, ரிப்பன் கட்டித் தயாராக வைத்தார்.

வந்த போதகர் அருமையாகப் பிரசங்கித்தார். ஆதாமை ஏதேனில் வைத்தது தோட்டத்தைக் காக்கத்தான், வெட்டிச் சாய்க்க அல்ல என்றார். வெயில் இப்படிக் கொளுத்துவதற்கு நாமும் கர்த்தரிடம் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். ஞானமுத்துவின் ஆமென்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது.

பிறகு குழியருகே வந்து கன்றை வாங்கிய போதகர், "நல்லா செழிப்பா இருக்கே," என்று இலையைத் தடவினார். "ஆமா, போன வருஷம் நட்டது எங்கே?"

எஸ்தர் கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோயில் வாசலில் பொய் சொல்ல ஞானமுத்துவுக்கு வாய் வரவில்லை.

"உங்க கையிலதான் கீது, ஐயா."