காணிப்பாக்கத்துச் சத்தியமும் ஒரு மைக்ராஸ்கோப்பும்

எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு பொருள் எதற்காக வாங்கப்பட்டதோ அதற்கு மட்டும் பயன்பட்டதாகச் சரித்திரம் கிடையாது. நான் ஸ்டோர் கிளார்க், எனக்குத் தெரியாததா? விதை உலர்த்தும் மின்சாரப் பெட்டியில் என் மனைவி செங்கம்மாவின் மோர்மிளகாய் காயும். மருந்துகள் வைக்க வாங்கிய ஐஸ் பெட்டியில் அட்டெண்டர் முனியப்பனின் மோர்ச்சொம்பு குளிரும். கடுகளவு எடையையும் காட்டுகிற கண்ணாடிப்பெட்டித் தராசில் ஹெட்கிளார்க் தன் மகளின் கல்யாண நகையை நிறுத்துப் பார்த்தது ஊரறிந்த ரகசியம். திருப்பதியில் கல்லூரி வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே வைத்தாலும் இப்படித்தான் ஆகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம் பிறந்திருந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று கோடு போட்டு முடித்துவிட்டார்கள். பள்ளிப்பட்டுப் பக்கம் இருந்த என் ஊர் மெட்ராஸுக்குப் போகிறது. சத்தியவேட்டுப் பக்கம் இருந்த என் மாமனார் ஊர் ஆந்திராவுக்கு வருகிறது. அவர் என்னவோ இதை நான் தனியாக உட்கார்ந்து செய்த சூழ்ச்சி போலவே என்னைப் பார்த்தார். ஊரே இந்தக் கோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, என் தலைவலி வேறாக இருந்தது. மெட்ராஸ் துறைமுகத்தில் எங்கள் பெயர் எழுதிய ஒரு மரப்பெட்டி மூன்று வாரமாகக் கிடந்தது.

பெட்டிக்குள் ஜெர்மனியிலிருந்து வந்த மைக்ராஸ்கோப். அதற்காகக் காத்திருந்தவள் அலர்மேல்மங்கை, எங்கள் தாவரவியல் துறையில் ஆராய்ச்சி செய்கிற பெண். புத்தூர்ப் பக்கம் அவள் அப்பா நாராயணசாமிக்கு மாந்தோப்பு. மரம் கொள்ளாமல் பூக்கும், பூவெல்லாம் கொட்டிப்போகும், காய் நிற்காது. ஊரில் கண்திருஷ்டி என்றார்கள். அவள் பூவுக்குள் இருக்கிற மகரந்தத்தில்தான் கோளாறு என்றாள். அதைப் பார்த்து நிரூபிக்க வேண்டுமே! எங்களிடம் இருந்த பழைய மைக்ராஸ்கோப்பில் லென்ஸுக்கே பூஞ்சை பிடித்திருந்தது. அதில் மாம்பூவை வைத்தாலும் ஒட்டடைதான் தெரியும், மல்லிப்பூவை வைத்தாலும் ஒட்டடைதான் தெரியும்.

மாமரம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கிறது. அவளுடைய உதவித்தொகையோ ஜூன் மாதத்தோடு முடிகிறது. இந்தப் பூவை விட்டால் ஆராய்ச்சியும் இல்லை, பட்டமும் இல்லை. பழையபடி பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.

வரி கட்டிப் பெட்டியை எடுக்க எங்களுக்கு வக்கில்லை. வரியில்லாமல் எடுக்க வழி இருந்தது. கருவி ஆராய்ச்சிக்கு மட்டுமே பயன்படும், வேறெந்தக் காரியத்துக்கும் பயன்படாது என்று துறைத்தலைவர் உறுதி கூறிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஒரே ஒரு கையெழுத்து. அங்கேதான் வந்தது வினை.

எங்கள் துறைத்தலைவர் புரொபசர் வேதாச்சலம் பேனா மூடியைக் கழற்றவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். ஃபாரத்தை மூன்று தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏமய்யா கோவர்த்தனம், இதுல 'மட்டுமே'ன்னு போட்டிருக்குதே?"

"எல்லாரும் போடறதுதான் சார். வெறும் ஃபாரம்."

"ஃபாரமா? உறுதி கூறுகிறேன்னு இருக்குது. எங்க ஊர்ல இதுக்குப் பேரு பிரமாணம்."

அவர் ஊர் காணிப்பாக்கத்துக்கு அடுத்த கிராமம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்தூர் ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட, காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகி ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய் என்றால் பாதிப் படியிலேயே உண்மையைக் கக்கிவிடுவான். பொய்ச்சத்தியம் செய்தவனைத் தொண்ணூறு நாளுக்குள் சாமி கேட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புரொபசரின் சித்தப்பா ஒருவர் ஒரு வரப்புத் தகராறில் பொய்ச்சத்தியம் செய்துவிட்டு எண்பத்தொன்பது நாள் சௌக்கியமாக இருந்தாராம். தொண்ணூறாம் நாள் என்ன ஆயிற்று என்று புரொபசர் இன்றுவரை சொன்னதில்லை.

"இது கஸ்டம்ஸ் சார். பிள்ளையார் எங்க வந்தாரு இதுல?" என்றேன்.

"சத்தியம் எங்க பண்ணா இன்னாய்யா? கேக்கிறவரு ஒருத்தருதானே? நான் கையெழுத்துப் போடுவேன். நாளைக்கி நீ அந்த லென்ஸை எடுத்து ஏலக்கா நல்லாருக்குதா சொத்தையான்னு பாப்பே. உலர்த்துற பெட்டில மிளகா காயுதே, அது இன்னா ஆராய்ச்சி?"

ஃபாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை அலர்மேல்மங்கை ஸ்டோர் ரூமுக்கு வந்தாள். கையில் ஈரத்துணியில் சுற்றிய மாங்கொத்து. முதல் பஸ் பிடித்துத் தோப்பிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"அண்ணா, பூ கொட்ட ஆரம்பிச்சுட்ச்சு."

"எத்தினி நாள் தாங்கும்மா?"

"தெக்காலே இருக்கிற மரங்க பொங்கலோட சரி. கெணத்தோரம் ஒரு மரம் மட்டும் லேட்டா பூக்கும். தை கடைசி வரைக்கும் இருக்கலாம். மழை தூறிட்ச்சுன்னா அதுவும் இல்ல."

அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து உலர்த்தும் பெட்டியிலிருந்து மோர்மிளகாய் வாசனை கமகமவென்று வந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. யாரோ ஒரு பெண்ணின் படிப்புக்குக் குறுக்கே என் வீட்டு மிளகாய் உட்கார்ந்திருக்கிறது! வாரி எடுத்துத் துண்டில் கட்டினேன். முனியப்பனைக் கூப்பிட்டு மோர்ச்சொம்பையும் வெளியே எடுக்கச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு?" என்றான் அவன்.

"எடுறா. சொல்றேன்."

புரொபசரிடம் போய் நின்றேன். "சார், உங்களுக்கு எங்கமேலதானே நம்பிக்கை இல்ல? நாங்க பிரமாணம் பண்றோம். காணிப்பாக்கத்துலயே பண்றோம். அப்புறம் போடுவீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குளத்துல முழுகியா?"

"முழுகித்தான்."

"பதவய்யா, கிளம்பு!" என்று எழுந்து தோளில் துண்டைப் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமையே கிளம்பினோம். புரொபசர், அலர்மேல்மங்கை, நான், முனியப்பன். ஹெட்கிளார்க்குக்குத் திடீரென்று ஜுரம் வந்துவிட்டது. சித்தூரில் இட்லி தின்றுவிட்டுப் பஸ் மாறினோம். மார்கழி மாதத்துக் குளத்துத் தண்ணீரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அன்று முனியப்பன் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளைச் சாமி காதில் வாங்கியிருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

பல் கிடுகிடுக்க ஈரவேட்டியோடு போய் நின்றோம். குருக்கள் எத்தனையோ வழக்குப் பார்த்தவர். "நிலமா, கொடுக்கல் வாங்கலா?" என்று கேட்டார்.

"மைக்ராஸ்கோப்" என்றேன்.

"அது யாரு வீட்டுப் பொண்ணு?"

புரொபசர் பத்து நிமிஷம் தெலுங்கில் விளக்கினார். குருக்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினார். ஆராய்ச்சிக்குத் தவிர வேறெதற்கும் அந்தக் கருவியைத் தொடமாட்டேன், கண்ணையும் வைக்கமாட்டேன் என்று நான் சொன்னேன். முனியப்பனும் சொன்னான். மோர்ச்சொம்பையும் அவன் தானாகவே சேர்த்துக்கொண்டான். அவன் நல்லவன்.

வெளியே வந்ததும் முனியப்பனைக் குனியச் சொல்லி, அவன் முதுகில் ஃபாரத்தை வைத்துப் புரொபசர் கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், "இரு" என்றார். கீழே ஒரு வரி சேர்த்தார். ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜை அன்று ஒரு நாள் மட்டும் இக்கருவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை செய்யப்படும் என்று அழகான இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

"சார்! இது எதுக்கு சார்?"

"வெப்போமா, மாட்டோமா?"

"வெப்போம்."

"அப்போ எழுதணும்."

அலர்மேல்மங்கை ஃபாரத்தை வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே வந்தாள். திருப்பதி வந்து சேரும்வரை எனக்குப் புரொபசர் மேல் வந்த கோபத்தில் ஈரவேட்டி தானாகவே காய்ந்துவிட்டது.

பொங்கல் கழித்து மெட்ராஸுக்குப் போனேன். சுங்க அலுவலகத்தில் எங்கள் பேப்பரைப் பார்க்க வேண்டியவர் சிவசங்கரன் என்ற அதிகாரி. வெற்றிலை போட்ட வாய், எதையும் நம்பாத கண். ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசித் தாளில் நின்றார். படித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். நாலு பேர் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"இன்னாய்யா இது? ஆராய்ச்சிக்கு மட்டும்னு மேல எழுதிட்டு, கீழ பூஜைக்குன்னு எழுதிக்கினு வந்திருக்கே? ரெண்டு காரியம் ஆய்ப்போச்சே. இதை நான் எப்படிப் பாஸ் பண்றது?"

"சார், எங்க புரொபசர் பொய் எழுதமாட்டாரு."

"அதுக்கு?"

அதுக்கு என்ன சொல்வது? எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாய், மோர்ச்சொம்பு, குளம், கற்பூரம், கிணற்றோரம் நிற்கிற அந்த ஒற்றை மரம். காணிப்பாக்கம் என்றதும் அவர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். சுற்றி நின்றவர்களைப் போகச் சொல்லிக் கையாட்டினார்.

"முழுகினியா நெஜமாவே?"

"மார்கழில சார்."

"எங்கம்மா ஊரு சித்தூர்தான்யா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பத்து வருஷமா இங்க குந்தினு இருக்கேன். எல்லாரும் 'மட்டுமே'ன்னுதான் எழுதிக்கினு வரான். ஒருத்தனாவது 'இந்த ஒரு நாள் தவிர'ன்னு எழுதிக் காட்டினானா?" அந்த வரியின்மேல் விரலை வைத்தார். "சரி, ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. ஆயுத பூஜை அன்னிக்கி அந்த மிஷினை வேலை வாங்குவீங்களா?"

"ஐயையோ! அன்னிக்கி எந்தக் கருவியையும் தொடக்கூடாதே சார். பேனாவைக்கூட வெச்சுடுவோம்."

"அப்போ அன்னிக்கி அதுக்கு லீவு."

"ஆமா சார்."

"லீவுல இருக்கிறது எப்படிய்யா வேற வேலை பாக்கும்?" என்று கேட்டுவிட்டு, 'டொக்' என்று முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. புரொபசரை வழியெல்லாம் திட்டியதற்காக அங்கேயே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் உள்ளே என்ன என்று கேட்டார். சாமி விஷயம் என்றேன்.

தை முடிய ஐந்து நாள் இருந்தது. கிணற்றோரத்து மரம் வார்த்தை தவறவில்லை. அலர்மேல்மங்கை விடிந்ததும் கொத்தோடு வந்து நின்றாள். முனியப்பன் குளித்துவிட்டு வந்து மேஜையைத் துடைத்தான். அவள் மகரந்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தட்டி, ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் விட்டு, லென்ஸில் கண்ணை வைத்தாள். திருகினாள். நிறுத்தினாள். அப்படியே இருந்தாள். சாயம் பிடித்தால் உயிருள்ள மகரந்தம், பிடிக்காமல் வெளுத்துக் கிடந்தால் சொத்தை என்று முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள்.

"சார், பாதிக்கு மேல சொத்தை" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு கெட்ட செய்தியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

புரொபசர் பார்த்தார். "கரெக்டுமா" என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, வாங்க. நீங்க பாருங்க."

நான் இரண்டடி எடுத்து வைத்தேன். நின்றுவிட்டேன்.

"வேணாம்மா."

"இன்னாண்ணா?"

"நீ பாத்தா ஆராய்ச்சி. நான் பாத்தா வேடிக்கைதானே? கண்ணை வைக்கமாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. குளத்தில் முழுகியவன் நான், முத்திரை வாங்கியவன் நான், மடியில் சுமந்து வந்தவன் நான். அந்தச் சத்தியத்தை இவ்வளவு இறுக்கமாக என்னை யார் செய்யச் சொன்னது? முனியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் அதே கதிதான்.

அலர்மேல்மங்கை சற்று யோசித்தாள். நோட்டை எடுத்துப் புரொபசர் முன்னால் வைத்தாள்.

"சார், ஒருத்தரே எண்ணா தப்பு வரும். சிவப்பு எத்தினி, வெளுப்பு எத்தினின்னு இன்னும் ரெண்டு பேரு தனித்தனியா எண்ணி ஒத்துப் பாக்கணும். அண்ணனும் முனியப்பனும் எண்ணலாமா?"

புரொபசர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றுதான் முதல் தடவையாக ஒரே இழுப்பில் பேனா மூடி கழன்றது. நோட்டில் எங்கள் இரண்டு பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எண்றது ஆராய்ச்சிதான். ஆனா எண்ணணும்யா. சும்மா பாத்துக்கினு நிக்கக் கூடாது."

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் லேசாகத் திருகினாள். மாதுளை முத்துக்களைத் தண்ணீரில் கொட்டினது போல ஒரு உலகம் வந்து நின்றது. அதற்கு நடுவே வெளுத்துச் சுருங்கிய சொத்தைகள். ஊசிமுனையில் ஒட்டியிருந்த தூசிக்குள் இவ்வளவா?

"எண்ணுங்க அண்ணா."

எண்ணினேன். நாற்பத்தேழு வரை வந்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு சிவப்பும் வெளுப்பும் ஒன்றாகக் கலங்கிவிட்டது.

"தப்பிட்ச்சு சார்."

"மறுபடியும் எண்ணுய்யா. பிரமாணம்னா பிரமாணம்."

மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் தப்பியது. முனியப்பன் பின்னால் நின்று, "யண்ணா, சீக்கிரம், என் டர்னு" என்று முணுமுணுத்தான். மூன்றாவது தடவையும் தப்பியது. முதல் இரண்டு தடவை நிஜமாகவே தப்பியது, எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். மூன்றாவது தடவையைப் பற்றி மட்டும் யாரும் என்னைக் காணிப்பாக்கத்துக்குக் கூப்பிடாதீர்கள்.