இடக்கைத் தையல்காரன்

தாஸிமின் வீட்டில் படம் பார்ப்பதென்றால் சும்மா போய் உட்கார்ந்துவிட முடியாது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையில் இருக்கிறது வீடு. மகள் கலியாணம் முடித்துப் போனதும் காலியான மாடி அறையை மனிதர் தியேட்டராகவே ஆக்கிவிட்டார். ஜன்னலுக்கு இரட்டைத் திரைச்சீலை, சுவருக்கு மங்கிய சாம்பல் நிறம், முன்னால் வெள்ளைத் திரை, பின்னால் தட்டில் ப்ரொஜெக்டர். வருகிறவர்கள் செருப்போடு கைத்தொலைபேசியையும் வாசலில் விட்டுவிட வேண்டும். கச்சான் கடலை கொறிக்கத் தடை. எல்லாவற்றுக்கும் மேலாக, படம் ஓடும்போது வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை சம்பந்தி இரண்டு தரம் பேசிவிட்டார் என்று படத்தை நிறுத்தி, அவர் பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர் தாஸிம்.

கண்டி டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊரில் பாதிப் பேரின் பார்வையைத் திருத்தியவர் அவர். எதுவும் மங்கலாகத் தெரிந்தால் அவருக்குக் கை பரபரக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடித் தேடி ப்ளூரே டிஸ்க்கில் வாங்கியது இந்தக் குணத்தால்தான். கீறலும் புள்ளியும் துடைத்து, பிரேம் பிரேமாகச் சுத்தம் செய்து வந்த ஒரு டிஸ்க்கைப் போட்டுவிட்டு, "அந்தப் பொம்பளையின்ட கண்ணுல மை எங்க தடிச்சு, எங்க மெலிஞ்சு ஈக்குதென்று பாருங்க" என்று காட்டுவார். அந்தக் காலத்துக் கமராக்காரர்களை அவர் தன் சொந்த மச்சான்மாரைப் போலப் புகழ்வார். உண்மையில் மச்சான்மாரைப் பற்றி அவர் அவ்வளவு நல்லதாகப் பேசியதில்லை.

இத்தனை இருந்தும் அவர் மனைவி அனீஸா மாடிப்பக்கம் அதிகம் போவதில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு படம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, கம்பளையில் பெரிய மாமாவின் கலியாண வீட்டில் பார்த்தது. மாமா வியாபாரத்தில் நன்றாக இருந்த காலம். படப்பெட்டியோடு ஆளை வாடகைக்குக் கொண்டுவந்து, முற்றத்தின் நடுவே இரண்டு கமுகு மரங்களுக்கிடையில் வெள்ளைச் சீலையைக் கட்டிப் படம் போட்டார். கலியாண வீட்டு வழக்கப்படி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் டீவியில் வந்து போயின. அனீஸாவுக்கு அந்தப் படத்தைத் தவிர எதுவும் ஒட்டவில்லை.

படத்தில் ஒரு தையல்காரன். கன்னத்தில் மச்சம். இடக்கையால் கத்தரிக்கோல் பிடித்துத் துணி வெட்டுவான். பட்டுத்துணி நடுவில் சர்ரென்று பிளந்துகொண்டு போகும். அவ்வளவு அழகு. இதை அனீஸா சொல்லி, கேட்காத ஆள் வீட்டில் கிடையாது. மகன் நுஸ்கி சின்ன வயதில் பென்சிலை இடக்கையில் பிடித்தபோது, தாஸிமின் உம்மா அந்தக் கையைத் துணியால் கட்டிவைக்கப் பார்த்தார். அனீஸா விடவில்லை. "சோறு மட்டும் வலக்கையால தின்னட்டும் மாமி. எழுதுறது அவன்ட விருப்பம். அந்தத் தையல்காரன் இடக்கையால வெட்டினதைப் பார்த்திருந்தா நீங்க இப்படிச் செல்ல மாட்டீங்க" என்று எதிர்த்து நின்றாள். மருமகளாக வந்தவள் மாமியாரிடம் குரலுயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

படத்தின் பெயர் மட்டும் அவளுக்குத் தெரியாது. "பேசினது எல்லாம் தமிழ்தான். எழுத்து மட்டும் ஏதோ வேற பாஷை" என்பாள். அதை நம்பித் தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றிய படங்களையெல்லாம் தாஸிம் வருஷக்கணக்காகத் துழாவினார். இடக்கைத் தையல்காரன் எங்கும் அகப்படவில்லை. கடைசியில் சென்னையிலிருக்கும் ஒரு சினிமாப் பைத்தியம், அவரைப் போலவே ஒருவர், கதையைக் கேட்டுவிட்டு, "வெள்ளத்தில் வீட்டுக் கூரைமேல் அரிக்கேன் விளக்கோடு நாயகி நிற்பாளா? தான் தைத்த மேலங்கியை வைத்துத் தையல்காரன் அவளை அடையாளம் காண்பானா? அப்படியானால் அது போன வருஷம்தான் டிஸ்க்காக வந்திருக்கிறது" என்றார். தாஸிம் உடனே வரவழைத்தார்.

அனீஸாவிடம் சொல்லவில்லை. அவளைச் சந்தோஷப்படுத்த அவருக்கு அப்போது ஒரு காரணமும் இருந்தது. சில மாதங்களாக அவள் பயந்துபோயிருந்தாள். அவளுடைய உம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே பார்த்து "நீங்க யாரூட்டுப் புள்ளைகள்?" என்று கேட்டவர். இப்போது கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாலும், குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தாலும், அனீஸாவுக்கு அந்த நினைவு வந்துவிடும். தொழுகைப் பாயில் இருந்தபடி ஒழுங்கையிலுள்ள வீட்டுக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள். தாஸிம் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் போய்விடுவார்.

பௌர்ணமிப் போயா தினத்தன்று பின்னேரம், கடைக்கு லீவு. கடையில் கூட நிற்கும் நுஸ்கியும் மருமகள் றிப்தாவும் மாடிக்கு வந்திருந்தார்கள். அனீஸாவை நடுக் கதிரையில் இருத்திவிட்டு டிஸ்க்கைப் போட்டார் தாஸிம்.

எப்பேர்ப்பட்ட படம் அது. ஆற்றின்மேல் மழை விழும்போது ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. தையல்காரனின் கழுத்தில் அளவு நாடா வியர்வையில் ஒட்டியிருந்தது. ஒளி எங்கே விழவேண்டும் என்று நினைத்தார்களோ அங்கே மட்டும் விழுந்து, மற்ற இடமெல்லாம் வெல்வெட்டுபோலக் கறுத்துக் கிடந்தது. தாஸிமுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இதை எடுத்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றிருந்தது.

தையல்காரன் கத்தரிக்கோலை எடுத்தான். வலக்கையால் எடுத்தான்.

நுஸ்கி அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். "உம்மா, என்னை வெச்சு இவ்வளவு காலம் பொய்யா செல்லினீங்க?"

அனீஸா சிரிக்கவில்லை. "மச்சம் அந்தக் கன்னத்துலதானே ஈந்தது" என்றாள் மெல்ல. கொஞ்ச நேரம் கழித்து, "படிக்கட்டு இங்கால ஈக்கணும்." ரயில் வந்தது. அது எதிர்த் திசையிலிருந்து வரவேண்டும் என்றாள். எழுத்தோடிய இடத்தில் எல்லாம் பச்சைத் தமிழ். வசனம் மட்டும் அவளுக்கு வரிவரியாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் 'இது வேறு படம்' என்று சொல்லித் தப்பவும் அவளால் முடியவில்லை. பாதிப் படத்தில் எழுந்து கீழே போய்விட்டாள்.

தாஸிம் இறங்கிப் போனபோது அவள் குசினியில் அடுப்பு மூட்டாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"உம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கினது" என்றாள். "பழசெல்லாம் மாறி மாறித் தெரியுதென்று செல்லுவா. புதுசு மறந்தா பரவால்ல. எனக்கு அந்தப் படமே பிழையா ஈக்குதென்றா, மத்ததுல எது சரி?"

மறுநாள் சாவிக் கொத்தை றிப்தாவிடம் கொடுத்துவிட்டாள். தனியாகச் சமைக்கப் பயமாக இருக்கிறது என்றாள். தன்னை ஒரு டொக்டரிடம் கூட்டிப்போகும்படி நுஸ்கியைக் கேட்டாள். சிரித்ததை நினைத்து அவன் முகம் சுருங்கிப்போனது. தாஸிமின் நிலைமை அதைவிட மோசம். மனைவிக்குப் பரிசு கொடுக்கப்போய், அவளிடம் இருந்த ஒரே பொருளையும் பிடுங்கிவிட்டோமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்குப் போய் இருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று கிளம்பினார்.

அந்தக் கடை ஒடுக்கமானது. கண் சோதிக்கத் தேவையான தூரம் அதில் கிடையாது. அதனால் இப்படிப்பட்ட கடைகளில் செய்கிற மாதிரியே அவரும் செய்திருந்தார். எழுத்துப் பலகை கதிரைக்குப் பின்னால் தொங்கும், எதிர்ச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி இருக்கும். வந்தவர் அந்தக் கண்ணாடியில் பார்த்து வாசிக்க வேண்டும். கண்ணாடியில் நேராகத் தெரிவதற்காகப் பலகையில் தமிழ் எழுத்துகள் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கும்.

அன்றைக்குப் புசல்லாவையிலிருந்து அழகமுத்து என்று ஒருவர் வந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கதிரையில் உட்காரச் சொன்னால், நேராகப் பலகையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

"எனக்குத் தமிழும் தெரியும், சிங்களமும் வாசிப்பேனுங்க" என்றார் கடைசியில். "இது என்னமோ வேற பாஷையா இருக்குதுங்களே."

தாஸிம் சிரித்தபடி அவரைத் திருப்பி உட்காரவைக்கக் கதிரையில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. எழுத்து மட்டும் வேறு பாஷை. வருஷக்கணக்காக அவர் காதில் விழுந்த வார்த்தை.

"நுஸ்கி, இவரைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கண்ணில் பட்ட முதல் த்ரீவீலில் ஏறினார்.

அனீஸா முன்னறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். தாஸிம் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"கம்பளைக் கலியாண வீட்டுல படப்பெட்டி எங்க ஈந்தது?"

"வாசல் பக்கம். வாப்பாமார் இருந்த பக்கம்."

"நீங்க பொம்பளைகள்?"

"நாங்க எப்படி ஆம்பிளைகளோட இருக்கிற? திரைக்கு அங்கால, சமையல் கொட்டில் பக்கம் பாய் போட்டு இருந்தோம்."

"அங்கால இருந்து படம் தெரிஞ்சதா?"

"மெல்லிய சீலைதானே. நல்லாத் தெரிஞ்சது" என்றாள். "இதையெல்லாம் ஏன் கேக்கிறீங்க? நான் மறந்துட்டேனா என்று பார்க்கவா?"

 தாஸிம் அவள் கையைப் பிடித்து எழுப்பி மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். ப்ரொஜெக்டரைத் திரைக்குப் பின்னால் வைத்துப் படம் போடுகிறவர்களுக்காகப் படத்தை இடம் வலமாக மாற்றும் வசதி ஒன்று அதில் உண்டு. வாங்கிய நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. எதையும் அது இருக்கிற மாதிரியே பார்க்கவேண்டும் என்கிற ஆள் அவர். இப்போது அதைத் தேடிப் பிடித்து அழுத்தினார். டிஸ்க் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

திரையில் படத்தின் பெயர் வந்தது. தலைகால் புரியாத எழுத்து.

அனீஸா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்த எழுத்துதான்" என்றாள். "இதே எழுத்துதான்."

"படம் சரியாத்தான் ஈக்குது. நீங்களும் சரி" என்றார் தாஸிம். "நீங்க மத்தப் பக்கத்தால பார்த்தீங்க. அவ்வளவுதான்."

அவள் அழுதாள். துடைக்கவும் இல்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்தால்தானே துடைப்பதற்கு. ரயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றாளோ, அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. படிக்கட்டு அவள் சொன்ன இடத்தில் இருந்தது. படியின் மூன்றாம் வளைவில் ஒரு பூனை படுத்திருக்கும் என்றாள். அன்றைக்கு இத்தனை தெளிவான படத்திலும் தாஸிம் அந்தப் பூனையைக் கவனிக்கவே இல்லை. இப்போது பார்த்தார், படுத்திருந்தது. கண் சோதிப்பதையே தொழிலாக வைத்திருந்த மனிதருக்கு அந்த நேரம் மனைவியின் கண்மேல் வந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. காற்றில் ஆடும் ஒரு மெல்லிய சீலையின் பின்பக்கத்தில், ஒரு சின்னப் பிள்ளை இத்தனையையும் பார்த்து வைத்திருக்கிறாள்.

"இப்ப பட்டுத்துணியை விரிப்பான்" என்றாள் அனீஸா. "நூல் ஒன்றைப் பல்லால கடிச்சுத் துப்புவான். அதுக்குப் பிறகுதான் கத்தரிக்கோல்."

தையல்காரன் துணியை விரித்தான். நூலைக் கடித்துத் துப்பினான். இடக்கையால் கத்தரிக்கோலை எடுத்தான். பட்டு நடுவில் பிளந்துகொண்டு போயிற்று.

அனீஸா சட்டென்று நிறுத்தி, திரும்பிப் பார்த்தாள். "நான் பேசிக்கொண்டே ஈக்கிறேனே. உங்கட அறையில பேசக் கூடாதே."

தாஸிம் தன் கதிரையை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பிறகு?" என்று கேட்டார்.