ஒன்பதாவது கேள்வி

குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய மய்யித்தைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தபோது அங்கே இருந்தவர்கள் இவர்கள். வடக்குச் சுவரோரம் பாயில் மகனைப் பறிகொடுத்த அத்தா ஷேக் பரீத், தஸ்பீஹ் மணியை உருட்டாமல் கையில் பிடித்தபடி. அவருக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் முத்தவல்லி. கதவை ஒட்டிய இரும்பு நாற்காலியில் கோல்கீப்பர் குமாரசாமி. நாற்பத்திரண்டு வயதில் முழங்கால் மடங்காததால் பாயில் உட்காரவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே, எதிர்வீட்டிலிருந்து தூக்கிவந்த மெத்தை நாற்காலியில், புதுக் கால்பந்து லீக்குக்காகப் பத்து வாரத்துக்கு வந்திருந்த வெளிநாட்டு நட்சத்திரம் லூசியானோ. அவருக்குப் பின்னால் நின்றபடி அணியின் மேலாளர் சாய்சரண். மீதிக் கூட்டமெல்லாம் வாசலில், செல்போனை உயர்த்தி, லூசியானோவைப் பார்த்தபடி.

சாஜிதா பேகம் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்று இவ்வளவையும் பார்த்தாள். கிடப்பது அவள் தம்பி ஆரிஃப். எதையும் வரிசைப்படுத்திக்கொண்டால்தான் அவளால் நிற்க முடியும். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தர் வேலை. ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரை அந்தக் குடும்பத்தின் எந்தப் பாரத்தையும் நிரப்புவது அவள்தான்.

லூசியானோ எழுந்து அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை. அத்தா தலையை ஆட்டினார். வாசலில் இருந்தவர்கள் அதையும் படமெடுத்தார்கள்.

சந்தூக் பெட்டியைத் தூக்கியபோது குமாரசாமியும் தோள் கொடுத்தார். சாஜிதா ஜன்னலுக்குப் போனாள். குமாரசாமி பத்தடி கூட நடந்திருக்க மாட்டார். அவர் விலகி, எதிர்ச் சுவரில் கையை ஊன்றி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். இடக்கையால் தோளைத் தேய்த்துக்கொண்டார். அந்தத் தேய்ப்பை அவள் இரண்டு மாதமாகப் பார்த்துவந்தாள், வேறு ஒரு தோளில்.

தெருமுனையில் தபால் பெட்டிக் கம்பத்தில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. ஆரிஃபும் லூசியானோவும் தோளோடு தோள் சேர்த்து, பந்தின் மேல் ஆளுக்கொரு கால் வைத்து நிற்கும் படம். ‘நம்ம ஊரு சிங்கம் மீண்டும் களத்தில்’ என்று கீழே எழுத்து. சந்தூக் அதைக் கடந்துதான் அடக்கத்துக்கு மையவாடிக்குப் போனது. அஸர் தொழுகைக்கு முன்னால் இரண்டு பேர் ஏணியோடு வந்து வேறு ஃபிளெக்ஸ் மாட்டிப் போனார்கள். அதே படம். கீழே மட்டும் ‘கண்ணீர் அஞ்சலி’.

போகும்போது குமாரசாமி திரைக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டார். “நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் பாரம் குடுத்தோமுங்க. உங்க எழுத்தப் பாத்துட்டு, எங்கூட்டுக்காரியும் இப்படித்தான் அழகா எழுதுவாள்னேன். என்னுதையும் அவதான் எழுதுனா. வாரேனுங்க அக்கா.”

அந்தப் பாரம்தான். ஆரிஃப் விளையாடி ஆறு வருடம் ஆகியிருந்தது. கல்கத்தாவில் ஆடியவன், இந்திய அணிச் சட்டை போட்டவன், கடைசியில் ஒரு தனியார் பள்ளியில் விசில் ஊதிக்கொண்டிருந்தான். லீக்குக்காரர்கள் தேடி வந்தபோது அவனுக்கு நாற்பத்தொன்று. பழைய பெயர்களை வைத்துக் கூட்டம் சேர்ப்பதுதான் திட்டம். அணிக்கு மூன்று பேர். அந்த மூன்று பேரும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது இருபது நிமிடம் களத்தில் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. டிவிக்காரர்கள் கேட்டார்களாம்.

“என்னைய ஆடக் கூப்பிடல அக்கா, காட்டக் கூப்பிட்டிருக்காங்க,” என்று சிரித்துக்கொண்டேதான் அவள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தான். கடைசிப் படியில் உட்கார்ந்து, மூச்சு அடங்கிய பிறகுதான் உள்ளே வந்தான்.

ஒப்பந்தத்தோடு வந்த உடல்நலப் பாரத்தில் முதல் எட்டுக் கேள்விகளை அவள் மளமளவென்று நிரப்பினாள். ஒன்பதாவது, ஓடும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு வலியோ மூச்சு இறைப்போ உண்டா என்பது. அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள்.

“இல்லைன்னு போடு.”

“டாக்டரப் பாத்துட்டு எழுதலாம் கண்ணு.”

“டாக்டரு என்னையப் பாத்தாருன்னா நான் கிரவுண்டப் பாக்க முடியாது. ஒரே ஒரு சீசன் அக்கா. ஸ்கூல்ல பசங்க என் பேரு தெரியாம ‘பிஈடி சார்’ங்கறானுங்க.”

அவள் ‘இல்லை’ கட்டத்தில் டிக் செய்தாள். அவளுடைய டிக் கூட அழகாக, ஒரே அளவில் இருக்கும்.

ஞாயிறு மாலை அவன் இருபத்து நான்கு நிமிடம் ஆடினான். கேஸ் மாதிரி இருக்கிறது என்று சொல்லி வீட்டில் ஒரு சோடா குடித்துப் படுத்தான். திங்கள் காலை பஜ்ர் தொழுகைக்கு எழுப்பப் போனவள் அவன் மனைவி ஹுமேரா.

புதன்கிழமை சாய்சரண் வந்தான். செருப்பைத் தெருவிலேயே கழற்றி வைத்துவிட்டு, அத்தாவுக்கு சலாம் சொல்லிவிட்டு, சாஜிதாவிடம் நடையில் வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினான். கையில் டைப் செய்த தாள்.

“ஒரே ஒரு கையெழுத்துங்க அக்கா. அண்ணன் நல்ல ஆரோக்கியமா இருந்தாரு, ஊட்ல தூக்கத்துல போயிட்டாருன்னு குடும்பத்துல ஒருத்தரு சொன்னாப் போதுமுங்க. மத்த சீனியருங்க மிரண்டு போயிருக்காங்க. சனிக்கிழமை மேட்ச்சுங்க.”

ஆட விடுவதற்கு முன்னால் எந்த மருத்துவராவது அவனைத் தொட்டுப் பார்த்தாரா என்று அவள் கேட்டாள்.

“பாரத்துல எல்லாம் சரியா இருந்தா டாக்டர் எதுக்குங்க?” என்றான். பிறகு கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்துப் பாதி மட்டும் வெளியே காட்டினான். “உங்க எழுத்துதானுங்களே. முத்து முத்தா இருக்குதுங்க. நான் யாருக்கும் காட்டலீங்க அக்கா. காட்டவும் மாட்டேன். நாளைக்குக் காலைல வந்து லெட்டர மட்டும் வாங்கிக்கறேன்.”

அவன் மிரட்டவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். சொம்பைக் கீழே வைக்காமல் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

கையெழுத்துப் போட்டால் அந்த டிக் சாய்சரணின் கோப்புக்குள்ளேயே கிடக்கும். அத்தாவுக்குத் தெரியாது. ஹுமேராவுக்குத் தெரியாது. அவள் இந்த வீட்டுக்கு எப்போதும்போல வந்துபோகலாம். தம்பி மகள் ரம்ஷாவின் ஸ்காலர்ஷிப் பாரத்தை நிரப்பிக் கொடுக்கலாம். சனிக்கிழமை குமாரசாமி இருபது நிமிடம் கோலில் நிற்பார்.

ஆரிஃபின் விளையாட்டுப் பையில் அணியின் முகவரிப் பட்டியல் இருந்தது. குமாரசாமியின் வீடு சிங்காநல்லூர். மனைவி பெயர் சண்முகப்பிரியா. போன் செய்தால் அவர் எடுப்பார், சிரித்துச் சமாளிப்பார். கடிதம் என்றால் பெயர் போட்டவள் கைக்குப் போகும். இன்று போட்டால் வெள்ளிக்குள் சேரும்.

சாஜிதா கோடு போட்ட தாளில் எழுதினாள். எழுதி முடித்ததும் உள்ளறைக்குப் போனாள். கணவனுக்காக வெளியே போகாமல் இத்தா இருக்கும் ஹுமேரா கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக உறவுக்காரர்கள் வீட்டுச் சாப்பாடு. இன்றைக்குத்தான் இந்த வீட்டு அடுப்பில் சோறு வைத்திருந்தார்கள். தட்டு அப்படியே பக்கத்தில் இருந்தது.

“ஒண்ணு படிக்கறேன். கேட்டுட்டுச் சொல்லு,” என்று சாஜிதா நின்றபடியே படித்தாள்.

“அன்புள்ள சகோதரிக்கு. என் தம்பியின் பாரத்தை நிரப்பியது நான். ஒன்பதாவது கேள்விக்கு இல்லை என்று குறித்தேன். ஆம் என்பதே சரியான பதில். குறிக்கும்போதே எனக்கு அது தெரியும். நீங்கள் என்ன குறித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. திங்களன்று உங்கள் வீட்டுக்காரர் பத்தடி நடந்து சுவரைப் பிடித்ததைப் பார்த்தேன். சனிக்கிழமைக்கு முன் அவரை இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.”

ஹுமேரா தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். கூடத்தில் அத்தா இருமுவது கேட்டது.

“மொதல்ல என்கிட்டதான் கொண்டாந்தாருங்க,” என்றாள். “ஒம்பதாவதப் பாத்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது, உங்க அக்காகிட்டப் போங்கன்னுட்டேன்.”

சாஜிதா தாளை மடித்தாள்.

“எனக்கு வருமுங்க,” என்றாள் ஹுமேரா.

உறையின் பசை காய்ந்துபோய் ஒட்டவில்லை. சாஜிதா இரண்டு முறை விரலால் அழுத்திப் பார்த்தாள். வாய் திறந்துகொண்டே வந்தது. ஹுமேரா கையை நீட்டி உறையை வாங்கினாள். தட்டிலிருந்து நாலு பருக்கையை எடுத்து விளிம்பில் வைத்து நசுக்கி, நுனி வரைக்கும் தேய்த்து ஒட்டினாள். காயட்டும் என்று தொடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

சாய்சரண் விட்டுப்போன தாள் நடை அலமாரியில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. சாஜிதா அதைத் தாண்டிப் போனாள். எங்கே என்று அத்தா கேட்டார். தபால் பெட்டிக்கு, வந்து உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள்.

தெருமுனையில் ஃபிளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்ததில் அதன் அடிப்பகுதி பெட்டியின் வாயை மூடியிருந்தது. பந்தின் மேல் வைத்த ஆரிஃபின் கால் இருந்த இடம் அது. அவள் அந்தக் காலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடிதத்தை உள்ளே போட்டாள்.