அறுபது கப் ஜெல்லியும் ஒரு ரசமட்டமும்

காலை ஒன்பது மணிக்கே சமையலறை மேடையில் அறுபது குட்டிக் கப்புகள் காலியாக வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றும் இரண்டு வாய்க்கு மேல் வராது. ஊற்றப் போவது மூன்று அடுக்கு ஜெல்லி. அடியில் மாதுளைச் சிவப்பு, நடுவில் தேங்காய்ப்பாலும் ரம்மும் சேர்ந்த வெள்ளை, மேலே அன்னாசி மஞ்சள். ஹோட்டல் பாரில் வேலை பார்க்கும் தங்கை கொடுத்த யோசனை இது. கிளாஸில் குடிக்கிற காக்டெயிலைக் கெட்டியாக்கி, கப்பைத் தட்டி அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

விருந்து, ஜெல்லி செய்கிறவளின் கணவருக்காக. டைல்ஸ் ஒட்டுபவர். போன வாரம்தான் அவரை டைல்ஸ் வேலைக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எதிர்த்து நின்றவரே அவருக்கு ஓட்டுப் போட்டதாகப் பேச்சு. தொழிலில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். மட்டம் பார்க்கிற அந்தச் சின்னக் கருவி, பச்சைத் திரவத்துக்குள் ஒரு குமிழோடு, எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருக்கும். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் சாப்பாட்டு மேஜையில் அதை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாங்க வருகிறவர் முகத்தில் பிரேமை மாட்டிப் பார்த்து, காதுக்குத் தக்கபடி காம்பைச் சூடாக்கி வளைத்து, நேராக உட்கார வைப்பாள். எந்த முகமும் நேராக இருப்பதில்லை என்பது அவளுடைய இருபது வருட அனுபவம். ஆக, அந்த வீட்டில் இரண்டு பேருக்குமே கோணல் என்றால் கண்ணை உறுத்தும். ஒரே ஒரு கோணல் விஷயத்தில் மட்டும் எட்டு வருடமாக ஒத்துப்போகவில்லை.

சமையலறைத் தரைதான் அந்த விஷயம். எட்டு வருடத்துக்கு முன்னால் வயிற்றில் ஒரு கட்டி என்று அவள் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது சமையலறையில் அவள் ஆசைப்பட்ட இளம்பச்சை டைல்ஸ் பளபளத்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. பிறகு ஒரு தக்காளி கைதவறி விழுந்து, நிதானமாக உருண்டு, தொட்டிப் பக்கத்து மூலையில் போய் நின்றது. அடுத்த தக்காளியும் அங்கேயே போனது. தண்ணீர் கொட்டினால் அதுவும் அந்த மூலைக்கே ஓடியது.

"தரை சாய்வா இருக்குங்க," என்றாள் அன்றைக்கு.

"தக்காளி உருண்டையா இருக்கு. உருளத்தான் செய்யும்," என்றார் அவர்.

அன்றையிலிருந்து இதே பாட்டுதான். குளியலறைக்குத்தான் தண்ணீர் ஓட வாட்டம் கொடுப்பார்கள், சமையலறைக்கு எதற்கு வாட்டம், நான் கொடுக்கவே இல்லையே என்று சத்தியம் செய்வார். ஊரார் தரையெல்லாம் உட்கார்ந்து பார்த்த அந்த ரசமட்டம், சொந்தச் சமையலறைத் தரையில் ஒருநாளும் உட்காரவில்லை. அவர் தூங்கும்போது சட்டைப்பையிலிருந்து எடுத்து அவளே வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அவளுக்குக் குமிழின் வாக்குமூலம் வேண்டாம். அவர் வாயால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஆமா, சாய்வுதான்" என்று வர வேண்டும். அதைக் கேட்காமல் விடுவதில்லை என்று எட்டு வருடமாகப் பிடிவாதமாக இருந்தாள்.

ஜெலட்டின் வேலை அவசரக்காரர்களுக்கு ஆகாது. குளிர்ந்த சாற்றில் தூளைத் தூவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, ஈர மணல் போல உப்பியதும் சிறு தீயில் கரைக்க வேண்டும். கொதித்தால் கெட்டது. ஓர் அடுக்கு உறைந்து, தொட்டால் விரலில் லேசாக ஒட்டுகிற பதத்தில் அடுத்ததை ஊற்ற வேண்டும். அதுவும் ஆறியிருக்க வேண்டும், கரண்டியின் முதுகில் பட்டு மெல்ல வழிய வேண்டும். டின்னில் வருகிற அன்னாசிச் சாறுதான் ஆகும், பச்சைப் பழத்தைப் பிழிந்து ஊற்றினால் ஜென்மத்துக்கும் உறையாது. இவ்வளவையும் தங்கை போனில் மூன்று தடவை சொல்லிவிட்டாள். நான்காவது தடவை ஆரம்பித்தபோது இவள் போனை மேடைமேல் பேசவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பதினொரு மணிக்குச் சிவப்பு உறைந்துவிட்டது. தட்டுகளைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கூடத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். வைத்தவள் வைத்தபடி நின்றாள்.

அறுபது கப்பிலும் சிவப்பு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இரண்டு அரிசி அளவு வித்தியாசம். தனிக் கப்பாகப் பார்த்தால் தப்பித்திருக்கும். அறுபதும் வரிசையாக நின்று ஒரே திசையில் தலை சாய்த்தால் எப்படித் தப்பிக்கும்? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எட்டு வருடமாகத் தனியாக வாதாடியவளுக்கு ஒரே நாளில் அறுபது சாட்சி!

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

கைக்கு ஒரு நாற்காலியாகத் தூக்கிக்கொண்டு வந்தவர், தட்டைப் பார்த்தார். நாற்காலிகளை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கப்பு கோணல்."

"அறுபதுமா?"

"மலிவா வாங்கினா அப்படித்தான்."

மிச்சமிருந்த காலிக் கப் ஒன்றில் அவள் தண்ணீர் ஊற்றி மேஜையில் வைத்தாள். தண்ணீர் நேராக நின்றது. கூடத்துத் தரையும் அவர் ஒட்டியதுதான். அங்கே ஒரு குறை சொல்ல முடியாது.

"அப்ப பிரிட்ஜுதான் கோணல். கால் தேஞ்சிருக்கும்."

"அது எங்க நடந்து போச்சு, கால் தேயறதுக்கு?"

அவர் சமையலறைக்குப் போய், பிரிட்ஜ் தட்டில் ரசமட்டத்தை வைத்தார். குமிழ் ஓரமாக ஓடியது. அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து, பிரிட்ஜை நெம்பி, தொட்டிப் பக்கத்துக் கால்களுக்கு அடியில் செருகினார். குமிழ் நடுவுக்கு வந்தது.

"பாத்தியா? பிரிட்ஜுதான்னு சொன்னேன்ல?"

முழங்காலிட்டிருந்தவர் கைக்கும் தரைக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. அந்த ஒரு சாண் இறங்குவாரா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் ரசமட்டத்தைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

சரி, போகட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபது டைல்ஸ்காரர்கள் வரப்போகிறார்கள். இருபது பேருக்கும் கண்ணிலேயே ரசமட்டம். அதிலும் அவருடைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார். சுவரில் குண்டு கட்டிய நூலைப் பிடித்துப் பார்ப்பதாலும் குண்டான உடம்பு வாகாலும் அவருக்குத் தூக்குக்குண்டு என்று பெயர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். அட்டை செருகிய பிரிட்ஜில் வெள்ளையும் மஞ்சளும் நேராக உறையும், அடியில் சிவப்பு மட்டும் சாய்ந்து நிற்கும். "என்ன தலைவரே, இது எப்படி?" என்று அவரே கேட்பார். அவள் சமையலறைப் பக்கம் விரலை நீட்டினால் போதும். நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது. தேங்காய்ப்பாலைக் கலக்கும்போது வாய் தானாக எதையோ முணுமுணுத்துப் பாடியது.

வெள்ளை ஆறட்டும் என்று வைத்துவிட்டுத் திரும்பியபோது, கூடத்தில் அவர் வேலைக்கு உதவும் பையனிடம் போனில் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

"டேய், சாயங்காலம் சமையலறைப் பக்கம் யாரையும் விட்டுடாத. இல்லடா, ஒண்ணுமில்ல. அங்க ஈரமா இருக்கும், வழுக்கும். அதான்."

எட்டிப் பார்த்தாள். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, ஒரு கப்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவள் கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்து, கடைசி வரி தெரியாமலே, தெரிகிற மாதிரி எழுத்துகளை ஊகித்துச் சொல்கிறவர்களின் முகம் அது. அவர்களிடம் அவள் ஒருநாளும் "தெரியலைன்னு சொல்லுங்க" என்று மல்லுக்கு நின்றதில்லை. பேசாமல் வேறு கண்ணாடித் துண்டை மாற்றிப் போடுவாள்.

அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. பாவம் பார்த்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது. கையில் கிடைத்த வெற்றியை யாராவது விடுவார்களா? மனுஷன் ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. திரும்பச் செய்யலாம் என்றாலும் மாதுளைச் சாறும் தீர்ந்தது, நேரமும் இல்லை.

வெள்ளைப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. பிரிட்ஜருகே குனிந்து, அவர் செருகிய அட்டையை வெடுக்கென்று உருவினாள். பிரிட்ஜ் தன் பழைய கோணலில் போய் உட்கார்ந்தது. தட்டுகளை முன்பிருந்ததற்கு நேர் எதிராகத் திருப்பி உள்ளே வைத்து, அங்கேயே ஒவ்வொரு கப்பிலும் கரண்டி முதுகில் வெள்ளையை வழியவிட்டாள். ஒரு மணிக்கு அது உறைந்தது. மறுபடி அட்டையைச் செருகி, பிரிட்ஜை நேராக்கி, மஞ்சளை ஊற்றினாள். முதுகு விட்டுப்போயிற்று.

மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. சிவப்பு ஒரு பக்கம் சாய, வெள்ளை மறுபக்கம் சாய, மேலே மஞ்சள் துல்லியமாக நேராக நின்றது. கண்ணாடிக் கடை ஜன்னலில் வைக்கலாம் போல இருந்தது.

ஐந்தரை மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. தட்டு வந்ததும் பேச்சு நின்றது. தூக்குக்குண்டு ஒரு கப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அண்ணி, என்ன அண்ணி இது வேலைப்பாடு! இந்தப் பக்கம் சாஞ்சு, அந்தப் பக்கம் சாஞ்சு, மேல மட்டம். எப்படிப் பண்ணினீங்க?"

"தட்டைத் திருப்பித் திருப்பி வச்சேன். சும்மா, டிசைனுக்காக," என்றாள் அவள்.

"கேட்டீங்களா? தலைவர் வீட்டுல ஜெல்லி கூடக் கணக்கோட நிக்குதுய்யா!"

கை தட்டினார்கள். ரசமட்டம் தன் கையிலிருந்த கப்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்ப்பது போல, காலியான தட்டில் இல்லாத தூசைத் தட்டினாள். அவர் கப்பை வாயில் வைக்காமல் மேஜையில் வைத்தார்.

"டிசைன் இல்ல," என்றார்.

"என்னது?"

"வாங்க, காட்டறேன்."

நேரே சமையலறைக்குப் போனார். வாசலில் கொள்கிற மட்டும் தலைகள் நெருக்கின. அவர் முழங்காலிட்டு, சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து இளம்பச்சைத் தரையில் வைத்தார். குமிழ் ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"தரை சாய்வு. சிவப்பு அதனாலதான் சாஞ்சுது. மீதியெல்லாம் இவ என் மானத்தைக் காப்பாத்தப் பண்ணினது."

"யார் ஒட்டினது இது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"இவ ஆஸ்பத்திரியில இருந்தா. கட்டி என்ன கட்டின்னு நாளைக்குத்தான் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்தா சும்மா உக்கார முடியல. டைல்ஸ் வாங்கி வச்சிருந்தேன், எடுத்து ஒட்ட ஆரம்பிச்சேன். ரசமட்டம் பாக்காம இல்ல, பாத்தேன். கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல, குமிழு தெரியல." ரசமட்டத்தைத் தரையிலிருந்து எடுத்தார். "சாய்வுன்னு ஒத்துக்கிட்டா ஏன்னு கேப்பா. அழுதுகிட்டே ஒட்டினேன்னு சொல்லணும். அதான் சொல்லல."

தூக்குக்குண்டு மூச்சு வாங்கக் கீழே உட்கார்ந்து, டைல்ஸ் இடுக்கில் கட்டைவிரலை ஓட்டினார்.

"சாய்வு சாய்வுதான். ஆனா கோடு ஒண்ணு கூடப் பிசகலயேடா," என்றார்.

எட்டு வருடமாக அவள் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தது "நான் அப்பவே சொன்னேன்ல?" என்ற ஒரு வாக்கியம். அது வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவரின் நகக்கண்ணில் சிமெண்ட் இருந்தது நினைவுக்கு வந்தது. "கையக் கழுவிட்டு வரக் கூடாதா?" என்று அன்று அவரைத் திட்டியிருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் பேத்துட்டு, மட்டமா ஒட்டித் தரேன்," என்றார் அவர், எழுந்திருக்காமல்.

அவள் கூடத்துக்குப் போய், அவர் வைத்துவிட்டு வந்த கப்பை எடுத்து வந்தாள். வந்து அவர் பக்கத்தில், அந்தச் சாய்ந்த தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கப்பை அவர் கையில் கொடுத்தாள்.

"பேத்துப் பாருங்க, தெரியும் சேதி," என்றாள். "இது என் தரை. யாரும் கை வைக்கக் கூடாது."