ஒரே பிளக்

"கரன்ட் போனா இந்தப் பேரெல்லாம் எங்கடி போகும்?" என்று வனஜா ஒருமுறை கம்ப்யூட்டர் திரையைக் காட்டித் தங்கையைக் கேட்டாள். வகுப்பில் கேள்வி கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று ஒன்பதாவதோடு நின்றுவிட்ட மகா, அக்காவுக்கும் பதில் சொல்லவில்லை.

இப்போது அக்கா கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தாள். மகா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ ஓர் ஆள் கன்னடத்தில் வனஜா மேடத்தைக் கேட்டான். ஓசூர் ரோடு ஆஸ்பத்திரியில் மனைவிக்குப் பிரசவம், ரத்தம் நிற்கவில்லை, பி நெகட்டிவ் எங்கும் கிடைக்கவில்லை, இந்த நம்பரை நர்ஸ் கொடுத்தாளாம். மேடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தேடிப் பார்த்துக் கூப்பிடுகிறேன் என்று அவன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

அடுகோடிப் பகுதியில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் வனஜாவைத்தான் கூப்பிடுவார்கள். பட்டறை பட்டறையாக முகாம் நடத்தி, ஆட்களின் பேரையும் ரத்த வகையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மகாவும் அந்த வேலையைக் கற்றிருந்தாள். நேற்று ராத்திரியும் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பட்டியல் திரையில் திறந்தபடியே கிடந்தது. காலையில் ஃப்ரீசர் பெட்டி வந்ததும் தாய்மாமன் வெங்கடசாமி, கூடத்தில் வேலை செய்கிற ஒரே பிளக்கிலிருந்து கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் வயரைச் செருகினார்.

மகா அவர் முன்னால் போய் நின்றாள். அவரிடம் அவளாகப் பேசியதே கிடையாது.

"மாமா, பெட்டிய கொஞ்ச நேரம் நிறுத்தணும்."

போனில் வந்ததைச் சொன்னாள். அவர் பாதிதான் கேட்டார்.

"அக்காள நடுவீட்ல போட்டுட்டு கம்ப்யூட்டர் தட்டப் போறியா? ஊர்ல வேற ஆளே இல்லியா?"

"வாயே தொறக்காத பொண்ணு. இன்னிக்குப் பாரு" என்றாள் எதிர்வீட்டு ராஜலக்ஷ்மி.

"அரை மணி நேரத்துல அக்கா கெட்டுப் போயிட மாட்டா" என்றாள் மகா.

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். மகா குனிந்து வயரைப் பிடுங்கினாள். பெட்டியின் உறுமல் அடங்கியது. தலைமாட்டில் இருந்த அம்மா சந்திரம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்தாள்.

கம்ப்யூட்டர் வயரைச் செருகியதும் திரை ஒளிர்ந்தது. பட்டியல் திறக்கவில்லை. இது பட்டியலே அல்ல என்றது. ஃப்ளாப்பியில் பழைய நகல் ஒன்று இருந்தது. அதில் பி நெகட்டிவ் ஒரே ஆள், லிங்கராஜபுரம் சிரில். போன் செய்தபோது, அவர் துபாய் போய்விட்டதாக வீட்டில் சொன்னார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லாம் கெட்டுப்போன கோப்பில்தான் இருந்தார்கள்.

கரன்ட் போனால் என்று கேட்ட அன்றைக்கு அக்காவே பதிலும் சொல்லியிருந்தாள். "எங்கயும் போகாது. எத்தன பேருன்னு முன்னாடி ஒரு கணக்கு இருக்கும், அதுதான் கெடும். பேரெல்லாம் பின்னாடி அப்படியேதான் ஒக்காந்திருக்கும்."

பழைய நகலைப் போலவே காலிப் பட்டியல் ஒன்று போட்டாள். கெட்ட கோப்பின் முன்பகுதியை வெட்டிவிட்டு மீதியை அதில் கொட்டினாள். எல்லாம் தள்ளித் தள்ளி விழுந்தது. ஒருத்தர் பேரின் வால் இன்னொருத்தர் போன் நம்பரில் தொங்கியது.

"முடிஞ்சுதா?" வெங்கடசாமி பெட்டியின் வயரைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இல்ல."

"இன்னும் எவ்ளோ நேரம்?"

அவள் இன்னும் கொஞ்சம் வெட்டி, மறுபடி கொட்டினாள். பேர்கள் அவரவர் இடத்தில் வந்து உட்கார்ந்தன. கடைசி வரி மட்டும் குப்பையாக இருந்தது, அக்கா பாதியில் விட்டது. அதற்கு மேலே போன மாத முகாம், மாமாவின் லேத் பட்டறையில் நடந்தது. பி நெகட்டிவ் என்று தேடினாள். சிரிலைத் தவிர ஒரே பேர்.

மகா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"மாமா, காலைல எதாவது சாப்டீங்களா?"

"பொணம் எடுக்காம எவன் சாப்பிடுவான்?"

"வெறும் வயித்துல ரத்தம் எடுக்க மாட்டாங்க."

அவர் திரைக்கு அருகில் வந்து குனிந்தார். தன் பேரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உங்கக்கா வெரல்ல ஊசி குத்தினா. என்ன வகைன்னு நான் கேக்கவே இல்ல" என்றார்.

தாய்மாமன் கோடிச் சேலை போர்த்தாமல் எப்படி எடுப்பது, நேரம் ஆகவில்லையா என்று ராஜலக்ஷ்மி ஆரம்பித்தாள்.

"அக்கா காத்திருப்பா" என்றாள் மகா.

மாமாவின் கையிலிருந்த வயரை வாங்கி, கம்ப்யூட்டரை முறைப்படி மூடி அணைத்துவிட்டு, பெட்டியைச் செருகினாள். உறுமல் திரும்ப வந்தது. போனில் அந்த ஆளைக் கூப்பிட்டு, ஆள் வருகிறார் என்றாள். பிள்ளைகளுக்கென்று யாரோ வாங்கி மறைத்து வைத்திருந்த பன்னில் ஒன்றை எடுத்து வந்து மாமாவிடம் நீட்டினாள்.

வெங்கடசாமி பெட்டியைப் பார்த்தார், தமக்கையைப் பார்த்தார். சந்திரம்மா செம்பில் தண்ணீர் எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

எல்லோரும் பார்க்க, அவர் தரையில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். கடைசித் துண்டுவரை தின்று, தண்ணீர் குடித்தார். தான் வாங்கி வந்திருந்த கோடிச் சேலையைச் சந்திரம்மாவின் மடியில் வைத்தார். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.