யாருக்கும் சொல்லாதீங்க

வெள்ளையம்மாளின் கையில் ஐந்நூறு ரூபாய் ரீசார்ஜ் கார்டு நாலைப் பார்த்ததுமே நாகஜோதிக்கு விசயம் விளங்கிவிட்டது.

இரண்டாயிரத்து எட்டாம் வருசம், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்த சனிக்கிழமை சாயங்காலம். மயில்சாமியின் மளிகைக் கடை வாசல். இருவரும் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த அறைக்காரிகள், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்தவர்கள். வெள்ளையம்மாளுக்குப் புருசன் இல்லை. மத்தியானம் வாங்கிய போனஸை மகள் சித்ராதேவியின் நர்சிங் படிப்புக்குத் திங்கட்கிழமைக்குள் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். அந்தப் பணத்தில் கார்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து காசால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள் மகராசி! காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போன்.

பேசுகிறவன் என்ன சொல்வான் என்று நாகஜோதிக்கு மனப்பாடம். போன சனிக்கிழமை, அவள் கம்பெனியில் போனஸ் போட்ட அன்று, அவளுக்கும் அதே போன் வந்தது. ‘மேடம், உங்க நம்பருக்குக் கார் விழுந்திருக்கு. நாலு கார்டு வாங்கி நம்பரைச் சொல்லுங்க. யாருக்கும் சொல்லாதீங்க, சொன்னா பரிசு ரத்து.’

அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லையே! போனஸ் கவரைக் கொடுக்கும்போது சூப்பர்வைசரும் ‘பக்கத்து மிஷினுக்குத் தெரிய வேண்டாம்’ என்றுதானே கொடுக்கிறார்? பத்து வருசம் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து பழகிய புத்தி, நல்லது வந்தால் ரகசியமாகத்தான் வரும் என்று நம்பிவிட்டது. நம்பரைச் சொல்லி முடித்ததும் கார்டுக் காசு முழுவதும் அந்தப் பரதேசியின் கணக்கில் ஏறிவிட்டது. வெட்கத்தில் புருசன் முனீஸிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை. சீட்டுக்குக் கட்டிவிட்டேன் என்று பொய் சொன்னாள்.

இப்போது வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். முனீஸ் வேறு கடையோரத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்கிறான்.

“ஏழு... மூணு... ஒம்பது...” வெள்ளையம்மாள் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நாகஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மானம் போனால் போகட்டும், அந்தப் பிள்ளையின் படிப்பு போகலாமா? பாய்ந்து செல்லைப் பிடுங்கினாள்.

“யக்கா, சொல்லாத! திருட்டுப்பய அவன்! போன வாரம் என்கிட்டயும் ரெண்டாயிரத்தை இப்படித்தான் பிடுங்கினான்!” என்றவள் போனுக்குள் கத்தினாள். “ஏலே எடுபட்ட பயலே! நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியத் தின்னு சம்பாதிச்ச காசுடா இது! உழைச்சுத் திங்க உனக்குக் கை இல்லையா?”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டான்.

“ஆத்தீ! என் பிள்ளை படிப்பு போயிருக்குமே!” வெள்ளையம்மாள் கார்டுகளை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

நாகஜோதி கடைக்காரரிடம் திரும்பினாள். “அவ்வளவு கார்டும் ஒரே ஆளு வாங்குதே, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே? நாலையும் எடுத்துக்கிட்டுப் பணத்தைக் குடுங்க. சுரண்டினதை உங்க செல்லுல ஏத்திக்கோங்க!”

“குடுத்தர்றனுங்க, சத்தம் போடாதீங்க. வாங்கறவங்ககிட்ட நான் எப்படீங்க கேக்கறது?” மயில்சாமி பணத்தை எடுத்துக் கொடுத்தார். “உங்க ஊட்டுக்காரருங்கூடப் போன மாசம் ரெண்டு கார்டு வாங்கி, இதே பெஞ்சுல உக்காந்துதான் படிச்சாருங்க.”

நாகஜோதி திரும்பிப் பார்த்தாள். முனீஸ் தலையைச் சொறிந்தான். பஸ் ஸ்டாண்டில் பர்ஸை அடித்துவிட்டார்கள் என்று போன மாசம் அவன் வந்து சொன்னதும், முகம் தெரியாத பிக்பாக்கெட்டை மூன்று நாள் சாபமிட்டவள் அவள்.

“அன்னைக்கே உண்மையச் சொல்லியிருந்தா நான் ஏமாந்திருப்பேனாய்யா?”

“நீ போன வாரம் சொல்லியிருந்தா அக்கா இன்னைக்குக் கார்டு வாங்கியிருக்குமா?”

சுருக்கென்றது அவளுக்கு. அந்தத் திருடன் சொன்ன சொல்லைத் தட்டாமல், ஒரே பாயில் படுத்துக்கொண்டு ரெண்டு பேரும் வாயைப் பொத்தியிருக்கிறார்கள்! திருடன்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்ததுதான் அதிகம்.

அவள் முனீஸின் கையைப் பிடித்துத் தரதரவென்று காம்பவுண்டுக்குள் இழுத்துப்போனாள். குழாயடியில் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள்.

“எல்லாரும் கேளுங்க! கார் விழுந்துருக்குன்னு ஒருத்தன் போன் பண்ணான். நான் ரெண்டாயிரம் ஏமாந்தேன், இந்த மனுசன் ஆயிரம் ஏமாந்தாரு. உங்களுக்கும் வரும். கார்டு நம்பரைச் சொல்லாதீங்க, ஊரைக் கூட்டுங்க!”

யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் நின்ற பாண்டியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

“எனக்கு ஆயிரத்தைந்நூறு, நாகு” என்றாள்.